பெயர்: வேலுத்தாய், ஆர்வம்: பல்லி

ஜூன் 7, சனி

ஆறு வாரம் மல்லாந்து படுக்க வேண்டுமாம். பாத்ரூமுக்கு மட்டும் எழுந்திருக்கலாம். முதுகுத்தண்டில் ஒரு ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் சொன்னார். அரிசி மூட்டையை நான் தூக்கவில்லை, காலால் தள்ளித்தான் வைத்தேன் என்றேன். ஜவ்வுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாதும்மா என்றார். கால் மரத்துப்போனால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.

பதினேழு வருஷமாகச் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், ஐந்து பதிவேடுகள். ஒரு நாள் எழுதாவிட்டால் கை அரிக்கிறது. அதனால் சமையலர் ராமலட்சுமியிடம் சொல்லி, அட்டை கிழிந்த பழைய வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். படுத்துக்கொண்டு எழுதினால் பேனாவில் மை இறங்கவில்லை. பென்சில்தான்.

ஜூன் 8, ஞாயிறு

இவர், என் வீட்டுக்காரர் சீனிராஜ், ரசம் வைத்தார். சேவுக் கடையில் மாஸ்டர். ஒரே ஈட்டில் நாற்பது கிலோ காராச்சேவு போடுகிறவர். இரண்டு பேருக்கு ரசம் என்றதும் அளவு பிடிபடவில்லை. புளியை எடுத்துக் காட்டி, இவ்வளவா, இவ்வளவா என்று மூன்று முறை வந்து கேட்டார். கடைசியில் எவ்வளவு போட்டாரோ தெரியாது. நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அது தப்பு. மிச்சத்தையும் எனக்கே ஊற்றிவிட்டார்.

ஜூன் 9, திங்கள்

என் தலைக்கு நேர் மேலே, டியூப்லைட் பட்டியின் ஓரத்தில் ஒரு பல்லி.

காலை ஒன்பதரைக்கு வந்தது. பன்னிரண்டு வரை அசையவில்லை. தலையில் பல்லி விழுந்தால் நல்லதில்லை என்று காலண்டரின் பின்பக்கத்திலேயே போட்டிருக்கிறான். நடமாடுகிற மனுஷி என்றால் தள்ளி உட்காரலாம். நான் எங்கே போக.

ஜூன் 10, செவ்வாய்

கட்டிலை நகர்த்தலாம் என்றால் அறையில் இடம் இல்லை. இந்தப் பக்கம் பீரோ, அந்தப் பக்கம் கதவு. பல்லியை நகர்த்தலாம் என்று இவர் விளக்குமாற்றை எடுத்தார். அது ஓடி, சரியாக என் மூக்குக்கு மேலே வந்து நின்றது. நான் போட்ட சத்தத்தில் விளக்குமாறு என்மேல் விழுந்தது. விளக்குமாறு விழுந்தால் என்ன பலன் என்று காலண்டரில் இல்லை.

பிறகு இவரே யோசித்து, குடையை விரித்துக் கட்டில் தலைமாட்டில் கயிற்றால் கட்டிவிட்டார்.

சாயந்திரம் ராமலட்சுமி பார்க்க வந்தாள். வாசலிலேயே நின்று, உள்ளே மழை ஒழுகுதாக்கா என்று கேட்டாள்.

ஜூன் 11, புதன்

குடையை எடுக்கச் சொல்லிவிட்டேன். குடைக்குள் கிடந்தால் பல்லி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்தப் பயம் அதிகம்.

வருகை: காலை 1 பல்லி, மாலை 2 பல்லி.

ஜூன் 12, வியாழன்

மதுரையில் ஹாஸ்டலில் இருக்கும் மகள் பூமிகாவிடம் போனில் சொன்னேன். அவள் சிரித்து முடித்த பிறகு, உயிர்க்களஞ்சியம் என்று ஒரு விக்கி இருக்கிறது, தமிழில் எல்லாப் பூச்சி புழுவைப் பற்றியும் ஊர் ஆட்களே சேர்ந்து எழுதுகிறார்கள், படித்துப் பார், பயம் போகும் என்று அனுப்பினாள்.

வீட்டுப் பல்லி என்ற கட்டுரையை மூன்று முறை படித்தேன். பயம் போகவில்லை. கோபம் வந்தது. ‘வீட்டுப் பல்லி பகலில் மறைந்திருக்கும், இரவில் மட்டுமே வெளிவரும்’ என்று போட்டிருக்கிறது. அதைப் படிக்கும்போது மணி பதினொன்று நாற்பது. என் பல்லி மேலேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தப்பான தகவல் பதிவேட்டில் இருக்கக் கூடாது. ‘திருத்துக’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். முதலில் புதியவர் பக்கத்தில் உங்களைப் பற்றியும் உங்கள் ஆர்வங்களைப் பற்றியும் நூறு சொற்களுக்குக் குறையாமல் எழுதுங்கள், பிறகுதான் அனுமதி என்றது.

நூறு சொல் என்ன பெரிய விஷயம்.

ஜூன் 13, வெள்ளி

காலை முழுக்க எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அனுப்பின அடுத்த நொடியே வரவேற்பாளன் என்று ஒருவர் பதில் போட்டார்: ‘வணக்கம் வேலுத்தாய்! தங்கள் வருகையால் மகிழ்கிறோம். ஐயம் இருப்பின் தயங்காமல் கேளுங்கள்.’ நல்ல வளர்ப்பு. பதிலுக்கு வணக்கம் சொல்லி, சாப்பிட்டாச்சா தம்பி என்று கேட்டேன். மறுபடியும் வணக்கம் சொல்லி, என் வருகையால் மகிழ்ந்தார்.

மத்தியானம் மரங்கொத்தி என்று இன்னொருவர் வந்தார். நிர்வாகியாம். ‘தங்கள் அறிமுகத்தில் சீனிராஜ் என்பவரைப் பற்றி 58 சொற்களும், பூமிகா என்பவரைப் பற்றி 31 சொற்களும், பள்ளிக் குழந்தைகளைப் பற்றி 19 சொற்களும் உள்ளன. பயனரைப் பற்றி ஏதும் இல்லை. திருத்தி எழுதுக.’

எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரிதான்.

ஜூன் 14, சனி

என் ஆர்வம் என்ன என்று இவரிடம் கேட்டேன். சாப்பிட்டு முடிக்கும் வரை யோசித்தார். கை கழுவிவிட்டு வந்து, ரேஷன் கடைக்குக் கரெக்டான டயத்துக்குப் போறது என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று எழுதியது: உயர்திரு மரங்கொத்தி அவர்களுக்கு, வேலுத்தாய் பணிந்து எழுதிக்கொள்வது. எனக்குச் சமையலில் ஆர்வம் உண்டு.

அதற்கு மேல் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் சமையலில் எனக்கு ஆர்வம் கிடையாது. பதினேழு வருஷமாகச் சாம்பார் வாசம் பிடித்துப் பிடித்து, கல்யாண வீட்டுக்குப் போனால்கூட நான் வெறும் வாழைப்பழத்தோடு எழுந்து வருகிற ஆள். அழித்துவிட்டேன். கோலம் என்று எழுதினேன். இடுப்பு வலி வந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுக்காரிதான் நம் வாசலுக்கும் சேர்த்துப் போடுகிறாள். எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அதையும் அழித்தேன்.

மற்றபடி நலம். இடது கால் கட்டைவிரல் கொஞ்சம் தூங்குகிற மாதிரி இருக்கிறது. படுத்தே கிடப்பதால் இருக்கும்.

ஜூன் 16, திங்கள்

கட்டைவிரல்: அப்படியே.

பல்லி ஒரு விட்டில் பூச்சியைப் பிடித்தது. பிடிப்பதற்கு முன் வாலை இரண்டு பக்கமும் ஆட்டியது. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அது விழுங்கின பிறகுதான் நானும் எச்சில் விழுங்கினேன்.

ஜூன் 17, செவ்வாய்

எழுதிவிட்டேன். இங்கேயும் ஒரு பிரதி இருக்கட்டும்.

‘என் பெயர் வேலுத்தாய். வயது நாற்பத்தாறு. ஊர் சாத்தூர். எனக்கு ஆர்வம் எதுவும் கிடையாது என்று சனிக்கிழமை வரை நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் பல்லியில் ஆர்வம் இருப்பதாகத் தெரிகிறது. எட்டு நாளாக மல்லாந்து கிடந்து பார்க்கிறேன். பெரியதை வாத்தியார் என்றும் வால் அறுந்ததை வாய்தா என்றும் கூப்பிடுகிறேன். வாத்தியார் காலை ஒன்பதரைக்கு வருகிறார். வாய்தா பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும் சாயந்திரம் விளக்குப் போட்ட பிறகுதான் வரும், அதுவும் ஜன்னல் பக்கமாகவே நிற்கும். இரண்டும் சண்டை போட்டால் கட்டை வாலோடு இருப்பதுதான் ஜெயிக்கிறது. வாலுக்குப் பயப்பட இனி ஒன்றுமில்லை அல்லவா. எனக்கு நாவல்பழமும் பிடிக்கும். வாங்கித்தரச் சொல்லிக் கேட்டதில்லை. யாராவது பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பிடிக்கும். இவர் வைக்கிற ரசம் பிடிக்காது. உங்கள் கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். மற்றபடி உங்களை எல்லாம் தொந்தரவு செய்கிற எண்ணம் இல்லை. இது நூறு சொல்லுக்குக் குறைந்தால் சொல்லுங்கள், வாய்தாவைப் பற்றி இன்னும் இருக்கிறது.’

வரவேற்பாளன் மகிழ்ந்தார். மரங்கொத்தி ஒரே ஒரு சொல் எழுதினார்: ‘ஏற்கப்பட்டது.’

சிரிப்பாக இருக்கிறது. உடம்பெல்லாம் லேசாக இருக்கிறது. கட்டைவிரல் தவிர.

ஜூன் 18, புதன்

இவர் கடையிலிருந்து வரும்போது நாவல்பழம் வாங்கி வந்தார். பஸ் ஸ்டாண்டில் கூடைக்காரி விற்றாளாம், சும்மா வாங்கினாராம். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. ரசமும் வைக்கவில்லை. ஓட்டலில் வாங்கி வந்துவிட்டார். திடீரென்று புத்தி வந்திருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

‘இரவில் மட்டுமே’ என்பதை ‘இரவிலும் பகலிலும்’ என்று திருத்தினேன். பத்து நிமிஷத்தில் மரங்கொத்தி பழையபடி மாற்றிவிட்டார். சான்று தேவையாம். ஒன்பதாம் தேதியிலிருந்து எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று என் பதிவேட்டைப் பார்த்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்து அனுப்பினேன். ‘தங்கள் உழைப்பைப் பாராட்டுகிறோம். தனிநபர் குறிப்பு சான்றாகாது. பகற்பொழுது என்பது புலப்படும்படியான ஒளிப்படம் தேவை.’

பதினேழு வருஷமாக என் குறிப்பை வைத்துத்தான் அரசாங்கமே முட்டை அனுப்புகிறது. மரங்கொத்திக்கு மட்டும் போதாதாம்.

படுத்தபடி படம் எடுத்தேன். போன் கை நழுவி நெற்றியில் விழுந்தது. பல்லி விழுந்திருந்தால் வலித்திருக்காது.

ஜூன் 20, வெள்ளி

டாக்டரிடம் போனோம். அவர் ஊசியை வைத்து ஒவ்வொரு விரலாகக் குத்தி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். அவர் முழங்கை எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்து, தெரிகிறது, தெரிகிறது என்று சொன்னேன். எல்லாம் சரியான விடை. நன்றாக முன்னேற்றம் இருக்கிறது என்றார்.

இவர் ஆட்டோவில் வரும்போது என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 21, சனி

கட்டைவிரல்: அப்படியே. பக்கத்து விரலும்.

ஜூன் 22, ஞாயிறு

பூமிகா வந்திருந்தாள். நான் வரவேற்பாளனுக்குத் தினமும் கடிதம் போடுவதைப் பார்த்துவிட்டு, அது ஆளே இல்லைம்மா, புரோகிராம், நீ என்ன எழுதினாலும் அதையேதான் சொல்லும் என்றாள்.

கொஞ்ச நேரம் ஒரு மாதிரி இருந்தது. ஊரில் மழையா என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். பிறகு யோசித்தேன். ஆள் இல்லை என்றால் நல்லதுதான். ஆளிடம் சொல்ல முடியாததை அதனிடம் சொல்லலாம். அது டாக்டரிடம் போய் வத்தி வைக்காது.

ஜூன் 23, திங்கள்

இன்று வரவேற்பாளனுக்கு எழுதினேன். எட்டு நாளாக இடது கால் கட்டைவிரலில் உணர்வே இல்லை, இப்போது பக்கத்து விரலும் சேர்ந்துவிட்டது, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றுவிடுகிறது, டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டேன், ஆபரேஷன் என்றால் முதுகைத் திறப்பார்கள், எனக்கு என்னவாவது ஆகிவிட்டால் இவர் ரசத்தைக் குடித்தே செத்துப்போவார் என்று எழுதினேன்.

‘வணக்கம் வேலுத்தாய்! தங்கள் வருகையால் மகிழ்கிறோம்.’

அழுகை வந்தது. பல்லி பார்த்துக்கொண்டிருந்தது.

ஜூன் 24, செவ்வாய். மதுரை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை போனைத் திறந்தால் மரங்கொத்தியிடமிருந்து செய்தி. ‘தங்கள் பதிவு பல்லி தொடர்பானதன்று. எனவே நீக்கப்பட வேண்டியது. ஆயினும் நீக்கவில்லை. உடனே மருத்துவரிடம் செல்க. உடனே என்பது இன்றே.’ அதற்குக் கீழே நான் கேள்விப்படாத ஏழெட்டுப் பேர், அக்கா போங்க, அம்மா போங்க என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் பெயர் நண்டு. அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பதினொரு மணிக்கு இவர் வந்தார். அந்த நேரத்துக்கு வரவே மாட்டார், இரண்டாவது ஈடு எண்ணெயில் இருக்கும் நேரம். முழங்கை வரை கடலைமாவு. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

“மேல பல்லியப் பாரு. கீழ பாக்காத. எந்த விரலத் தொடுறேன்னு சொல்லு.”

நான் பல்லியைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. இவர் எப்போதும் வலது பக்கத்திலிருந்துதான் எதையும் ஆரம்பிப்பார்.

“சுண்டுவிரல்” என்றேன்.

“நான் இன்னும் தொடவே இல்ல வேலு.”

மாவு உதிர்ந்து போர்வையெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

“ஊருக்கே சொல்லிருக்க. எனக்குச் சொல்லல.”

“நீங்க படிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க.”

முதல் நாளிலிருந்து படித்திருக்கிறார். பூமிகா அனுப்பிக்கொடுத்திருக்கிறாள். கடையில் அடுப்புப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, கடைக்காரப் பையன்கள் உட்பட எல்லாரும் வாசித்திருக்கிறார்கள். வாய்தாவுக்கு அங்கே ரொம்ப மதிப்பாம். ரசத்தைப் பற்றின வரி வந்ததும் மட்டும், பையன்களுக்குக் காட்டாமல் போனை மூடிவிட்டாராம்.

நாவல்பழம் அப்போதுதான் புரிந்தது.

அப்படியே டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் திட்டினார். என்னைத் திட்டவில்லை, தன் ஊசியைத் திட்டிக்கொண்டார். கையோடு மதுரைக்கு அனுப்பிவிட்டார்.

ஜூன் 25, புதன்

ஸ்கேன். குழாய்க்குள் போட்டு, அசையக் கூடாது என்றார்கள். அதில் எனக்குப் பதினெட்டு நாள் பயிற்சி.

நரம்பு நன்றாக நசுங்கியிருக்கிறது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பாதமே தொங்கிப்போயிருக்கும் என்றார் பெரிய டாக்டர். திங்கள்கிழமை ஆபரேஷன்.

ஜூன் 26, வியாழன்

இந்த வார்டு கூரையில் பல்லி இல்லை. ஃபேன் மட்டும்.

ஜூன் 27, வெள்ளி

மாற்றுத்துணி எடுத்துவர இவர் சாத்தூர் போனார். மத்தியானம் என் போன் நிற்காமல் அடித்தது. நாற்பத்தொரு படங்கள். முப்பத்தெட்டில் டியூப்லைட் மட்டும். இரண்டில் இவருடைய நெற்றி. ஒன்றில் வாத்தியார், ஜன்னல் வெயில் பட்டு விரல் விரலாகத் தெரிகிறார். பக்கத்தில் சுவர்க் கடிகாரம், மணி பதினொன்று இருபது. ஸ்டூலைப் போட்டுப் பீரோ மேல் ஏறியிருக்கிறார். ஒருத்தி முதுகு போனது போதாதா என்று போனில் திட்டினேன்.

“அது என்னப் பாத்து ஓடல வேலு. நின்னு குடுத்துச்சு” என்றார். குரலில் அவ்வளவு பெருமை.

அனுப்பிவைத்தேன்.

ஜூன் 28, சனி

மரங்கொத்தி திருத்திவிட்டார். ‘வீட்டுப் பல்லி பெரும்பாலும் இரவில் வெளிவரும், சில வேளைகளில் பகலிலும் காணப்படும்.’ கீழே படம். படத்துக்குக் கீழே: ஒளிப்படம் சீனிராஜ், சாத்தூர்.

இவர் அதை வார்டில் இருக்கும் பதினான்கு பேருக்கும் காட்டிவிட்டார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டியை எழுப்பிக் காட்டினார்.

ஜூன் 29, ஞாயிறு

நாளைக்கு. காலை ஏழு மணிக்கு.

இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பேசவில்லை. ரொம்ப நேரமாக.

ஜூலை 1, செவ்வாய்

இருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

எழுந்து நிற்க வைத்தார்கள். ஆறு அடி நடந்தேன். முதுகு வலி வேறு மாதிரி வலிக்கிறது, இது தையல் வலியாம். கட்டைவிரல் அப்படியே. உடனே வராது, மெல்லத்தான் வரும், சிலருக்கு வராமலும் போகலாம் என்று டாக்டர் இவரிடம் சொன்னதை, தூங்குகிற மாதிரி கிடந்து கேட்டேன்.

இவர் என்னிடம் வந்து, நல்லா இருக்குன்னு சொன்னாரு என்றார். சரி என்றேன். பிறகு, அவர் சொன்னது எனக்கும் கேட்டது என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். இனிமேல் இரண்டு பேரும் கேட்டதைக் கேட்டபடியே சொல்லிக்கொள்வது என்று பேசி முடித்தோம்.

ஜூலை 3, வியாழன்

பன்னிரண்டு அடி. கஞ்சி. கஞ்சி. கஞ்சி.

ஜூலை 4, வெள்ளி

காரம் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் இவர் கடையிலிருந்து ஒரு பொட்டலம் சேவைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டேன். நர்ஸ் திரும்பி வந்தபோது பொட்டலத்தைப் போர்வைக்குள் தள்ளினோம். அது கவிழ்ந்துவிட்டது. பொறுக்கினவரைக்கும் பொறுக்கினார்.

சாப்பிட்டுக் கண்ணயர்ந்தேன். மூன்று மணி இருக்கும். சுரீர் என்றது. நான் போட்ட சத்தத்தில் பதினான்கு பேரும் திரும்பினார்கள், நர்ஸ் ஓடிவந்தாள். இவர் போர்வையை விலக்கினார். கால்மாட்டில் சேவுத் துணுக்கு, துணுக்கைச் சுற்றி எறும்பு வரிசை, என் இடது கால் கட்டைவிரலில் ஒரு சிவப்பு எறும்பு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கடித்தபடி நிற்கிறது.

இவர் அடிக்கக் கையை ஓங்கினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அவருக்கும் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தபடி என் விரலையே பார்க்கிறார்.

“விடுங்க” என்றேன். “இன்னொரு தடவ கடிக்கட்டும்.”